கச்சத்தீவுக்குப் போன மூன்று பேர்

மதுரையில் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் துர்காதேவி என்றொருத்தி இருக்கிறாள். போன மாதம் கணவனோடு தாய்லாந்து போய் வந்தாள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் பவர் பார்ப்பதற்கு முன்னால் அவள் யானை மேல் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்தாக வேண்டும். நீ வெளிநாடு போயிருக்கிறாயா என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். போயிருக்கிறேன், அம்மா அப்பாவோடு, ஒரே ஒரு நாள், பாஸ்போர்ட் இல்லாமல் என்றேன். கதை விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். மேற்கொண்டு அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் இராமேஸ்வரத்துக்காரர்கள். தவக்காலத்தில், மாசி பங்குனி வாக்கில், கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா. இந்தக் கரையிலிருந்து விசைப்படகுகளில் நாங்கள் போவோம். அந்தக் கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர்களும் நெடுந்தீவுக்காரர்களும் வருவார்கள். ஒருநாள் போனால் மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அவரவர் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். தீவு யாருடையது என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேச்செடுத்தால் பொழுது போதாது. என் போனுக்கு அந்த வழக்கெல்லாம் தெரியாது. கரை இறங்குவதற்கு முன்பே இலங்கைக்கு வருக என்று செய்தி காட்டிவிட்டது. ஆகவே வெளிநாடுதான்.

அம்மா ஜெபமாலைக்கு ஊர் சுற்றும் ஆசை கிடையாது. அவள் போக நினைத்தது என் தம்பி ஆன்டனி ராஜுக்காக. நாங்கள் போன திருவிழாவுக்கு ஒரு வருடத்துக்கும் முன்னால், கார்த்திகைக் காற்றில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு திரும்பியது. படகை ஓட்டிய அப்பா செபஸ்தியானும் திரும்பினார். கூடப் போன மற்ற இருவரும் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "திரும்பிப் பாத்தேன், ஆளக் காணோம்." அப்பா போலீசிடமும் சொன்னது இதுதான், சாமியாரிடமும் சொன்னது இதுதான்.

அவன் முழுகியதைப் பார்த்தவர் யாருமில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அம்மாவுக்கு அது போதும். நீந்தத் தெரிந்த பிள்ளை, அந்தப் பக்கம் எங்கேயாவது ஏறியிருப்பான், நினைவு தப்பிக் கிடப்பான் என்றாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி வாங்கியது, அவள் வாங்கவில்லை. அவன் சட்டைகளை வாராவாரம் துவைத்துக் காயப்போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்தவனைச் செத்தவன் என்று சொல்ல விடாமல் வீட்டையே கட்டிப்போட்டிருக்கிறாளே என்று. அப்பாவோ வாயே திறக்கமாட்டார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு வரும் அந்தப் பக்கத்து ஆட்களிடம் தம்பியின் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். அப்பா மறுப்பார் என்று நினைத்தேன். மறுநாளே மூன்று பேர் ஆதாரையும் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டு வந்தார்.

முப்பது வருடம் கடல்காரனோடு குடும்பம் நடத்தியவள் அன்றுதான் முதன்முதலாக விசைப்படகில் ஏறினாள். எங்கள் பக்கம் பெண்கள் தொழில் படகில் ஏறுவதில்லை. கரை மறைவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்பா படகின் நடுவில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடல் பக்கம் அவர் தலை ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

இறங்கியதும் அம்மா வேலையைத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் போனை நீட்டினாள். மகன், கார்த்திகையில் கடலில் விழுந்தான், உங்கள் பக்கம் எங்கேயாவது பார்த்தீர்களா. யாரும் அவளை விரட்டவில்லை. உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், இல்லை அம்மா என்று தலையை ஆட்டினார்கள். நான் கூடவே நடந்து கால் ஓய்ந்து அப்பாவிடம் வந்து உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் நெடுந்தீவுப் பெண்கள் சமைத்துக்கொண்டிருந்த கொட்டகைக்குள் அவள் போனதைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வந்தவள், போதும், கடைகளைப் பார்ப்போம் என்றாள். எனக்கு ஆச்சரியம். தோற்றுப்போய்விட்டாள், இனியாவது ஓய்வாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்து ஆட்கள் விரித்திருந்த கடைகளில் சோப்பு, தேங்காய் எண்ணெய், இஞ்சி பிஸ்கட், ரப்பர் செருப்பு. கடைக்காரர் ஒரு சோப்புப் பெட்டிக்கு முந்நூறு என்றார். அம்மா விடுவாளா? முந்நூறெல்லாம் கிடையாது, நூற்றைம்பதுதான் என்று நம்மூர் நோட்டை நீட்டினாள். அவர் சொன்னது இலங்கைக் காசு, நம் காசுக்கு நூறுகூட வராது. அந்த மனிதர் நல்லவர், தயங்கித் தயங்கி மீதியை எடுத்துக் கொடுத்தார். அம்மா நம்மை ஏமாற்றப் பார்க்கிறான் என்று அதையும் எண்ணிப் பார்த்தாள்.

அப்பா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒன்னய வச்சுக்கிட்டா ரெண்டு நாடும் பொழச்சுக்கிரும்" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து அந்த பிஸ்கட்டைத் தின்றோம். அப்பா லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். அம்மா அவர் மேல் தண்ணீரைத் தெளித்தாள். நான் படம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், என் பெற்றோரோடு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது.

சாயங்காலம் அம்மா சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போனாள். நானும் அப்பாவும் கூடாரத்தில் இருந்தோம். நெடுந்தீவுக்காரர் ஒருவர் அப்பாவைத் தேடி வந்தார். பெயர் சூசைதாசன், அவரும் கடல்காரர். மகனைத் தேடி வந்திருக்கும் இந்தியக் குடும்பம் என்று எங்களைப் பற்றிக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்களாம். கொஞ்ச நேரம் மீன்பாடு, டீசல் விலை என்று சுற்றி வளைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, எங்கட கரையில கார்த்திகை மாதம் ஒரு பொடியன் ஒதுங்கினவன். முகத்தை வச்சு ஒண்டும் சொல்லேலாது. காற்சட்டை இடுப்புப் பட்டிக்குள்ள ஒரு சின்ன அந்தோனியார் பதக்கத்தைப் பச்சை நூலால தச்சுக் கிடந்தது. உங்கட பிள்ளைக்கு அப்பிடி ஏதும்..."

கழுத்தில் போட்டால் வலையில் மாட்டி அறுந்துவிடுகிறது என்று தம்பியின் கால்சட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பதக்கத்தை உள்ளே வைத்துத் தைத்தவள் அம்மா. வலை முடிகிற பச்சை நைலான் நூல், லேசில் அறாது என்பாள். எந்த நாட்டுப் பிள்ளையென்று தெரியாமலே அவர்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, சிலுவையும் நட்டிருக்கிறார்கள். சூசைதாசன் அப்பாவின் தோளைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டும் என்று நான் எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வீட்டுக்குப் போயி நாஞ் சொல்றேன். இன்னைக்கிச் சிரிச்சாளே, பாத்தியா? இந்த ஒரு நாள் அவளுக்கு இருந்துட்டுப் போகட்டும் ஜாஸு."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டு அவளை நம்ப விட்டது நீங்கள்தான் என்று கேட்டே விட்டேன். ஆமாம் என்றார். அதற்குமேல் என்ன சண்டை போடுவது? அம்மா வந்தபோது தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன்.

காலைப் பூசை முடிந்தது. படகுக்குப் போகும் வழியில் அம்மா செருப்புக் கடையில் நின்றாள். ஒரு ஜோடி ஆண்கள் செருப்பை எடுத்து வளைத்துப் பார்த்தாள்.

"அவனுக்கு ஒம்போதுதான?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா வேறு பக்கம் பார்க்கவில்லை. "ஒம்போதுதான். கொஞ்சம் பெருசா இருந்தாலும் போட்டுக்கிருவான்" என்றார். அவர் குரல் பிசகவே இல்லை. நான்தான் அங்கே நிற்க முடியாமல் முன்னால் நடந்தேன். பாவி மனுசன், எப்படி முடிகிறது என்று மனதுக்குள் திட்டினேன்.

கரையில் ஒரு பக்கம் எங்கள் படகுகள், மறுபக்கம் அவர்கள் படகுகள். நெடுந்தீவுக் கூட்டத்தில் சூசைதாசனும் அவர் மனைவியும் நின்றார்கள். அம்மா எங்களை விட்டு விலகி நேரே அந்தப் பெண்ணிடம் போனாள். அப்பா பதறிப் பின்னால் ஓடினார், நானும் ஓடினேன். அதற்குள் அம்மா செருப்புப் பையை அவள் கையில் வைத்துவிட்டாள்.

"ஒங்க மகனுக்குக் குடுங்க. எம்புள்ளைக்குப் பேரு ஆன்டனி ராஜு. வீட்ல ராசுன்னு கூப்புடுவோம். இனிமே அவங் கல்லறையில திரி கொளுத்துறப்ப பேரச் சொல்லிக் கொளுத்துங்க தாயி."

அந்தப் பெண் அம்மாவின் கையை விடாமல் அழுதாள். நேற்று மத்தியானம் சமையல் கொட்டகையில் படத்தைப் பார்த்துவிட்டுப் பதக்கத்தைப் பற்றிச் சொன்னது அவள்தானாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டதால் தன் கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை. அவருக்கு எங்களைப் பற்றித் தெரிந்தது வேறு ஆட்கள் மூலம். பிஸ்கட் தின்றபோதும் அம்மாவுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்தபோதும் தெரியும்.

"ஒங்க மூஞ்சில சிரிப்பப் பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். "வீட்டுக்குப் போயி சொல்லிக்கிறலாம்னுதான் இருந்தேன். செருப்பு அளவு கேக்கவும், ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னு நீங்க பதில் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் ஒங்களுக்கும் தெரிஞ்சிருச்சுன்னு வெளங்குச்சு. எப்பவும் அவம் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவீங்க."

அப்பா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், யாரோ எங்களைக் கூப்பிட்டார்கள்.

"நாம் பாத்தேன் செபமால" என்றார் அப்பா. "விழுந்ததப் பாத்தேன். கையப் புடிச்சுட்டேன். ஒரு கை படகுல, ஒரு கை அவங்கிட்ட. அப்பான்னான். அலை அடிச்சுச்சு, வழுக்கிருச்சு. நான் விட்டுட்டேன்."

அம்மா அவரை அடிப்பாள், அல்லது திரும்பிப் பார்க்காமல் படகில் ஏறிவிடுவாள் என்று பயந்தேன். அவள் அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்து, இந்தக் கையா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

அம்மா அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ள தனியாப் போகலல்ல. அப்பன் கையப் புடிச்சுக்கிட்டுத்தான போயிருக்கான்" என்றாள். அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு, அவன் போன பிறகு எங்கள் முன்னால் முதன்முறையாக, அழுதாள்.