முழக்கத்தின் மேல் செட்

சபையில் முழக்கம் என்று பெயர் வாங்கியிருந்தவர் ஜெபம் பண்ண எழுந்தால், முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். முதலில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கியதற்கு நன்றி சொல்வார். அங்கிருந்து புறப்பட்டு, சபையின் காம்பவுண்டுச் சுவருக்கு வந்துசேர இருபது நிமிஷம் ஆகும். நடுவில் எத்தனை ‘தகப்பனே’ வருகிறது என்று பல்லக்கா ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

பல்லக்கா என்பதும் சபை வைத்த பெயர்தான். அவள் பல்செட் செய்கிறவள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சின் மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வார்த்து, பாலிஷ் போட்டு அனுப்புவாள். முழக்கத்தின் வாயில் மேல்வரிசை முழுவதும் அவள் கைவேலை. அது அவளையும் அவரையும் அவர் மனைவியையும் தவிர சபையில் யாருக்கும் தெரியாது. அவளும் வெளியே மூச்சு விட்டதில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்து பரலோகத்தை அதட்டும்போதெல்லாம், ‘என் பல்லை வச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுது இந்த ஆளு’ என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம் ஓடும்.

அப்படிப்பட்டவர் நடத்திய வகுப்பில் போய் உட்காரவேண்டி வந்தது அவள் தலையெழுத்து. ‘தைரியமான ஜெப வாழ்க்கை’, ஆறு வாரம். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுடைய ஜெபம் அந்த லட்சணத்தில் இருந்தது. காலையில் கண்ணை மூடினால் இரண்டு நிமிஷத்துக்குள் எந்த டாக்டருக்கு எந்த செட் அனுப்பவில்லை என்று மனசு ஓடிவிடும். கூட்டத்தில் யாராவது ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊரார் ஜெபத்துக்கெல்லாம் நொட்டை சொல்லத் தெரிந்தவளுக்குச் சொந்தமாக நாலு வரி வராது. அந்தக் கடுப்பு வேறு.

மூன்றாம் வாரம் முழக்கம் அவளை எழுப்பி நிறுத்தினார். “ஆண்டவரே… இந்த நாளுக்காக நன்றி… ஆமென்” என்று சொல்லி உட்காரப் போனாள்.

“சிஸ்டர், சத்தம் பத்தாது. பரலோகம் என்ன பக்கத்துத் தெருவிலயா இருக்கு? வயித்துல இருந்து வரணும்!”

எல்லாரும் சிரித்தார்கள். பல்லக்கா முகம் கறுத்துப்போய் உட்கார்ந்தாள். ‘அடுத்த தடவை பாலிஷ் போட வரட்டும்’ என்று மனசுக்குள் கறுவினாள். ஜெப வகுப்பில் உட்கார்ந்து அவள் மனமார நினைத்தது அது ஒன்றுதான்.

நாலே நாளில் அவர் வந்தார். காலை ஒன்பது மணி. பட்டறை ஷட்டரை அவள் பாதிதான் தூக்கியிருந்தாள். குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். இன்னொரு கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், மேல் செட் நடுவில் சரியாக இரண்டாகப் பிளந்து கிடந்தது.

“ஹிஹ்டர்… உடைஞ்ஹிருஹ்ஹு.”

பல்லோடு எழுதினால் அவர் சொன்னது இதுதான்: கழுவும்போது கை வழுக்கித் தொட்டியில் விழுந்துவிட்டது. மனைவிக்கு இன்றைக்குப் பதினோரு மணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள், சபைக்காரர்கள் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். அவர் ஜெபம் பண்ணித்தான் உள்ளே அனுப்பவேண்டும்.

“பண்ணிட்டு வரவேண்டியதுதானே பிரதர்?”

“இந்த வாயோடயா? சிரிப்பாங்க சிஸ்டர்.”

“பெண்டாட்டியை அங்க விட்டுட்டுப் பல்லைத் தூக்கிக்கிட்டு வந்தீங்களா?”

அவர் பொட்டலத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். முப்பது வருஷ ஜெப வீரம், தொண்டை கிழியும் விசுவாசம் எல்லாம் கடைசியில் இரண்டு துண்டு அக்ரிலிக்கில் வந்து நிற்கிறது. இருந்தாலும் பல்லக்காவின் கை வேலையைத் தொடங்கியது. துண்டுகளை மெழுகால் இணைத்து, அடியில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் விரிசலை ராவி அகலமாக்கி, பவுடரும் லிக்விடும் விட்டு நிரப்பினாள். இனி வெந்நீரில் இருபது நிமிஷம் கிடக்கவேண்டும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. பதற்றத்தில் எதையோ அமுக்க, மனைவியின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

“என்னங்க, எங்க இருக்கீங்க? முதல் கேஸ் தள்ளிப்போயிருச்சாம். என்னை இப்பவே உள்ள கூட்டிட்டுப் போறாங்க. சீக்கிரம் ஜெபம் பண்ணுங்க. எனக்கு பயமா இருக்குங்க.”

முழக்கம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வெந்நீர்ச் சட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு போனை அவளிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது. ‘இந்த அழுகையை அங்க போய் அழுதிருந்தா அந்தம்மாவுக்கு அதுவே போதுமே’ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“நான் பல்லு செய்றவ பேசுறேங்க,” என்றாள். “உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார். நான் சொல்றேன், கண்ணை மூடிக்கோங்க.”

கையெல்லாம் பிளாஸ்டர். யோசிக்க நேரமில்லை.

“ஆண்டவரே, இவங்க பயந்துபோயிருக்காங்க. கூடவே இருங்க.”

அதோடு நின்றுவிட்டது. மறுமுனையில், “இன்னும் கொஞ்சம் சிஸ்டர்,” என்றது குரல்.

“மயக்கமருந்து குடுக்கிறவர் நிதானமா இருக்கணும். கத்தி பிடிக்கிறவர் கை நடுங்கக் கூடாது. ரத்தம் சீக்கிரம் நிக்கணும். கண் முழிக்கும்போது வலி தாங்கிக்கிற அளவுக்கு இருக்கணும். வீட்டுக்கு வந்தா மூணு மாசத்துக்கு இவங்களை ஒரு வாளிகூடத் தூக்கவிடாம பார்த்துக்க, இந்த மனுஷனுக்கும் கொஞ்சம் புத்தியைக் குடுங்க. இயேசுவின் நாமத்துல, ஆமென்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது, அழுகையும் கலந்திருந்தது. “ஆமென்,” என்றாள் அந்த அம்மாள், தெளிவாக. முழக்கமும் சொன்னார். பல் இல்லாத வாயிலிருந்து அது முனகலாகத்தான் வந்தது.

செட்டை ராவிப் பாலிஷ் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுப் பல்லக்கா கையிலிருந்த பிளாஸ்டரைக் கழுவினாள். எதிரில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் ஜெபம் பண்ணியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிறு முழக்கம் சாட்சி சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாதபடி சத்துருவாகிய சாத்தான் தடுத்தானாம், ‘ஒரு இடத்தில்’ ஒரு சகோதரியோடு சேர்ந்து முழங்கால்படியிட்டாராம், கட்டிடமே அதிர்ந்ததாம். சபை ஸ்தோத்திரம் சொன்னது. ‘அதிர்ந்தது பாலிஷ் மோட்டார்’ என்று பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் பொய்யில்கூடச் சிக்கனம் பழகவில்லை.

மீதி மூன்று வாரம் அவள் வகுப்புக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் காலையில் பட்டறை திறந்ததும், டாக்டர்கள் அனுப்பிய சீட்டுகளை மேசையில் பரப்பிக்கொள்கிறாள். பெயர், வயது, எந்த வரிசை, அவ்வளவுதான் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டே சொல்கிறாள்: “இவங்களுக்கு ஈறு புண்ணாகாம இருக்கணும் ஆண்டவரே. இவருக்கு நாப்பது வயசுதான், மனசு உடைஞ்சிருப்பார், பார்த்துக்கோங்க.” மனசு ஜெபத்தை விட்டு ஓடுவதில்லை, அது ஓடுகிற இடத்திலேயே ஜெபமும் இருக்கிறது.

முழக்கத்துக்காக மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்தாள். இரண்டு முறையும் நடுவில் திட்டாகிவிட்டது. அதனால் கடைசியில், “அந்த ஆளை நீங்களே பார்த்துக்கோங்க, என்னால முடியலை,” என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடுகிறாள்.