இருபத்தாறு செவ்வாய்க்கிழமைகள்

அந்த வருடம் தை மாதத்திலிருந்து ஃபிர்தௌஸுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. திங்கள் இரவு படுப்பாள், கண் விழித்தால் புதன் காலை. நடுவில் ஒரு நாள் முழுக்க, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் இருந்த அந்த மாடி வீட்டில் அவள் இருக்கமாட்டாள். விரித்த பாய் விரித்தபடி கிடக்கும். முதல் வாரம் அவள் கணவன் உபைத் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று எல்லா இடமும் அலைந்தான். இரண்டாவது வாரம் சாந்தோம் கடற்கரை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மூன்றாவது வாரம் தேடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பால் பாக்கெட் ஒன்று குறைத்து வாங்கினான்.

ஃபிர்தௌஸ் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, எட்டு மாதம். தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு ஐந்து மாடி ஜவுளிக்கடை, அதில் பட்டுப் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். ஒன்பது வருடமாக நின்றே வேலை பார்த்தவள். உட்கார ஸ்டூல் போடவேண்டும் என்று அரசாங்கம் சொன்னதால் ஸ்டூல் வந்தது, ஆனால் அதன்மேல் எப்போதும் புடவைக் கட்டு இருக்கும். செவ்வாய்க்கிழமை கல்யாணப் பட்டு எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் பட்டுப் பிரிவுக்கு வார ஓய்வு செவ்வாய். மற்ற பிரிவுகளுக்கு வேறு வேறு நாள். பெருக்குகிறவர்களுக்கு எந்த நாளும் இல்லை.

பிரசவ விடுப்புச் சம்பளத்தைப் போட்டவர் கணக்குப் பிரிவு ஸ்ரீஹரி. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இருபத்திரண்டு வருடமாக நாலாவது மாடியில் ஜன்னல் இல்லாத அறையில் சர்க்கரை மாத்திரையோடு உட்கார்ந்திருக்கிற மனிதர், அசதிதான் அவருக்கு முகமே. முதலில் அவள் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாளாவது வேலை செய்திருக்கிறாளா என்று பார்த்தார். அதைப் பார்க்கவே வேண்டாம், இருந்தாலும் பார்த்தார். அப்புறம் விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதம், அக்டோபர், நவம்பர், டிசம்பர், மொத்தம் எண்பத்தோராயிரம் ரூபாய். தீபாவளி இன்சென்டிவைப் பல கடைகளில் வசதியாக மறந்துவிடுவார்கள், ஸ்ரீஹரி மறக்கவில்லை, சேர்த்தார். அந்த மூன்று மாதத்தில் அவள் வேலை செய்தது எழுபத்தைந்து நாள். வகுத்தால் நாளைக்கு ஆயிரத்து எண்பது. இதுவரை ஒரு குறை சொல்லமுடியாது.

விடுப்பு இருபத்தாறு வாரம். அங்கேதான் அவர் கை ஆறால் பெருக்கியது. நாள் சம்பளம் வேலை நாளை வைத்து வந்தது, ஆகவே வேலை நாளுக்குத்தான் கொடுக்கவேண்டும், செவ்வாய் எப்படியும் ஓய்வுதானே என்பது அவர் நியாயம். வாரத்துக்கு ஏழு நாள் என்பதை, பாவம், அவர் மறக்கவில்லை. அது இந்தக் காரியத்துக்குப் பொருந்தாது என்று நினைத்துவிட்டார். நூற்று ஐம்பத்தாறு நாள் என்று தாளில் எழுதினார், முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார், பிரசவத்துக்கு முன் தரவேண்டிய பங்கு அவள் வங்கிக் கணக்கில் ஏறியது. அடுத்து வந்த செவ்வாய்தான் முதலில் காணாமல் போனது.

வயிற்றுப் பிள்ளையும் அவளோடு சேர்ந்தே காணாமல் போய்வந்ததால் ஆறு செவ்வாய்க்கு ஆறு நாள் வளர்ச்சி பின்தங்கியது. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து, தேதியைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். சொன்ன தேதிக்குச் சரியாக ஆறு நாள் தள்ளி, ஒரு திங்கட்கிழமை மதியம் பெண் குழந்தை பிறந்தது. சிம்ரா என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் செவ்வாய். விடியற்காலை ஊசி போட வந்த நர்ஸ், தாய் கட்டிலில் இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஆனால் இந்தத் தடவை குழந்தை போகவில்லை. அது கடையில் வேலை செய்யவில்லையே, அதற்கு ஏழு நாளும் இருந்தது.

அதுவரை வேடிக்கையாக இருந்த விஷயம் அன்றோடு வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. சிம்ரா புட்டிப்பாலைத் துப்பினாள். ஸ்பூனில் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டாள். செவ்வாய்தோறும் உபைத் ஜாக்கெட் தைக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அழுகிற குழந்தையைத் தோளில் சாய்த்து, மாடிக்கும் சந்துக்கும் நடப்பான். புதன் காலை ஃபிர்தௌஸ் எழுந்திருக்கும்போது அவளுக்கு ஓர் இரவுதான் போயிருக்கும், நேற்றுத்தான் பால் கொடுத்துப் படுத்த மாதிரி இருக்கும். குழந்தைக்கோ கண் உள்ளே போயிருக்கும். ஆறு நாளில் தேற்றியதை ஏழாவது நாள் தின்றது. பத்தாவது வாரம் எடை அட்டையைப் பார்த்த நர்ஸ், இப்படியே போனால் சேர்க்கவேண்டி வரும் என்றாள். ஃபிர்தௌஸ் படியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு அசதி, அழக்கூட அதிக நேரம் முடியவில்லை.

அன்று மதியம்தான் கடை கொடுத்திருந்த சம்பளத் தாளை எடுத்துப் பார்த்தாள். புடவைக் கட்டைத் தொட்டே எத்தனை உருப்படி என்று சொல்கிறவள், நூற்று ஐம்பத்தாறை இருபத்தாறால் வகுக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. உடனே ஸ்ரீஹரிக்குப் போன் போட்டாள்.

"சார், எனக்குச் செவ்வாய்க்கிழமைய விட்டுட்டீங்க."

"அன்னிக்கு உனக்கு வீக்லி ஆஃப்தானேம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுண்டு வரோம்."

"செவ்வாய்க்கிழமை மட்டும் நான் புள்ள பெத்தவ இல்லியா சார்?"

ஸ்ரீஹரி பார்க்கிறேன் என்றார். அவர் பார்க்கிறேன் என்றால் பார்க்கமாட்டார் என்பது ஐந்து மாடிக்கும் தெரியும். ஃபிர்தௌஸ் திங்கள் இரவு படுக்கும்முன் ஒரு கடிதம் எழுதி, குழந்தையின் துணிப்பையில் வைத்து, உபைத்திடம் செய்யவேண்டியதைச் சொன்னாள்.

"அவரு கையில குடுத்துட்டு வெளியில உக்காருங்க. உள்ள மட்டும் போகாதீங்க."

"பச்சப் புள்ளய எப்படி ஃபிர்தௌஸ்..."

"போகாதீங்கன்னேன்ல."

செவ்வாய் காலை பத்தரைக்கு உபைத் நாலாவது மாடி ஏறி, குழந்தையை ஸ்ரீஹரி மடியில் வைத்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது: "சார், இது நீங்கள் எடுத்துக்கொண்ட நாள். ஒரு நாளை எடுத்துக்கொண்டவர்தான் அன்றைக்குக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் சிம்ரா. இடது தோளில் போட்டால் கொஞ்சம் அடங்குவாள்."

ஸ்ரீஹரி இடது தோளில் போட்டார். கொஞ்சம்தான் அடங்கினாள். பிறகு அவர் சட்டைக் காலரைச் சப்பிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கத்தத் தொடங்கினாள். மூன்றாவது மாடியில் சுடிதார் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். படிக்கட்டில் உபைத் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு மணிக்குத் தேவானை துடைப்பத்தோடு அறைக்குள் வந்தாள். பட்டுப் பிரிவைப் பெருக்குகிறவள், கூவம் கரையிலிருந்து வீட்டைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

"பசில கத்திக்கினுகீது சார். இவங்கம்மா எங்க?"

"செவ்வாக்கிழமைய நான் கணக்குல விட்டுட்டேனாம், இன்னிக்கு அவ இருக்கமாட்டாளாம்."

"அந்த நாள நீங்க குடுக்கல, அப்பால எப்டி இருப்பாங்க?" தேவானை குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னா சார் இது, காலு சில்லுனு கீது."

ஸ்ரீஹரி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் சட்டப் புத்தகத்தை எடுத்தார். வாங்கி வருடக்கணக்கில் திறக்காததால் தாள்கள் ஒட்டியிருந்தன. வராத நாள் எல்லாவற்றுக்கும் நாள் சம்பளம் என்றுதான் அதில் இருந்தது. வேலை நாள் என்று எங்குமே இல்லை. மூன்று தடவை படித்தார். பிறகு ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். நூற்று எண்பத்திரண்டு நாள். குறைத்தது இருபத்தெட்டாயிரத்து எண்பது ரூபாய். மாலை முதலாளியிடம் நீட்டினார், அவர் இதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார். அந்தக் குழந்தை பட்டதெல்லாம் ஒருத்தர் படித்திருந்தால் மிச்சம் என்று நினைக்கையில் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஸ்ரீஹரி வெளியே வந்து குழந்தையை உபைத் கையில் கொடுத்தார். அதன் குல்லாவைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குள் பதினேழு செவ்வாய்க்கிழமைகள் போயிருந்தன. பணத்துக்கு நிலுவை உண்டென்றால் நாளுக்கும் உண்டுதானே. அடுத்த செவ்வாய் ஃபிர்தௌஸ் பாயில் இருந்தாள். உபைத் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தையல் கடைக்குக் கிளம்பினான். சந்துக்கு அது ஒரு நாள். அந்த வீட்டுக்குப் பதினெட்டு நாள். வீட்டுக்குள் மட்டும் செவ்வாய் விடிந்து, இருட்டி, மறுபடி செவ்வாயே விடிந்தது. பால் பாக்கெட்டும் அரிசி டப்பாவும் ஒவ்வொரு காலையும் அன்று எடுத்து வைத்தது போலவே இருந்தன. முதல் ஆறு செவ்வாய்கள் பிரசவத்துக்கு முந்தியவை. ஆகவே குழந்தை பக்கத்தில் படுத்திருக்க, வயிற்றுக்குள்ளிருந்தும் உதைத்தது. அப்புறம் அது நின்றது. ஃபிர்தௌஸ் பால் கொடுத்தாள், தூங்கினாள், எழுந்து பால் கொடுத்தாள், திரும்பத் தூங்கினாள். ஒன்பது வருடம் நின்ற கால் வீக்கம் பதினோராவது செவ்வாய் வடிந்தது.

அதே வாரம் கொட்டிவாக்கத்திலிருந்து ஜஹீதா என்ற பெண் கடைக்குப் போன் செய்தாள். முன்பு இங்கே பில்லிங் பார்த்தவள், அவள் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. பழைய கோப்புகளையும் ஸ்ரீஹரி எடுத்துத் திருத்தியிருந்தார். இருபத்தாறு செவ்வாய் மொத்தமாக வந்திருக்கிறது, இப்போது வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். உன்னோடதுதாம்மா, வெச்சுக்கோ என்றார் ஸ்ரீஹரி.

கச்சேரி ரோட்டில் அந்தச் செவ்வாய் மாலை உபைத் வீட்டுக்கு வந்தபோது, காலையில் விட்டுப்போன குழந்தையின் கன்னம் உப்பியிருந்தது, கையில் கட்டிய கறுப்புக் கயிறு இறுகியிருந்தது. பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அவனுக்குப் புதிது.

"குப்புற விழுந்துட்டா," என்றாள் ஃபிர்தௌஸ். "பதினாறாவது செவ்வாய்ல."

"நான் பாக்கலியே."

ஃபிர்தௌஸ் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க. மறுபடி விழுவா."

உபைத் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். சிம்ராவுக்கு அவசரம் இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தாள், கையைச் சப்பினாள், விசிறியைப் பார்த்தாள். இருவரும் காத்திருந்தார்கள். செவ்வாய் முடிய இன்னும் நேரம் இருந்தது.