நான் அறிந்தவரை உயிரோடு

கோல்டிங் போகும் ரயிலில் இருந்தபோது என் மடியில் ஒரு மட்டையும் அதற்குள் மூன்று தாள்களும் இருந்தன. முதலாவது, ஆற்றங்கரைக் காணி ஒன்றின் விற்பனை உறுதி. இரண்டாவது, காணிக்காரனான ஞானசுந்தரம் ஐந்து வருடங்களுக்கு முன் தன் மனைவி அருள்நாயகிக்கு எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம். தான் இல்லாத நேரத்தில் தனக்காக அவள் கையெழுத்து வைக்கலாம் என்ற அதிகாரம். மூன்றாவது, எங்கள் அலுவலகத்தின் சொந்தத் தாள். அதில் ஒரே ஒரு வசனம்தான்: 'அதிகாரம் தந்தவர், நான் அறிந்தவரை, இன்று உயிரோடு இருக்கிறார்.' அதன் கீழே அருள்நாயகி கையெழுத்து வைக்க வேண்டும். ஞானசுந்தரம் செத்துப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

வைலே என்ற டெனிஷ் நகரில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் பதினான்கு வருடமாக எனக்கு இதுதான் வேலை. ஆற்றோரம் கிடக்கும் வயல்களைக் கொம்யூன், அதாவது நகரசபை, வாங்கும். நூறு வருடங்களுக்கு முன் விவசாயிகள் பாடுபட்டு வெட்டிய வடிகால்களை அடைத்துத் தண்ணீரைத் திரும்ப உள்ளே விடும். பிறகு அந்த இடம் புல்லுக்கும் பறவைக்கும் ஊர்ச்சனத்துக்கும் சொந்தம். அதற்கு முன், ஒவ்வொரு துண்டும் யாருடையது, யாருக்கு அதனூடாக வழி இருக்கிறது, எந்த வங்கியில் ஈடாக நிற்கிறது என்று பேன் பார்ப்பதுபோலப் பார்ப்பது நான். கொம்யூன் கட்டும் விலை, வங்கியில் பூட்டிய கணக்கொன்றில் கிடக்கும். பதிவாளரின் ஆட்சேபக் குறிப்பு ஒன்றும் விழாத சுத்தமான உறுதி பதிவாகி வந்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு விவசாயியின் மகன், செத்து மூன்று கிழமையான தகப்பனுக்காகக் கையெழுத்து வைத்துவிட்டான். விஷயம் வெளியே வந்து, உறுதி திரும்பி வந்து, எங்களுக்குப் பெரிய தலையிடி. அதற்குப் பிறகுதான் அந்த மூன்றாவது தாளை உண்டாக்கினோம். அந்த வசனத்தை எழுதியவன் நான்தான். நல்ல வசனம் என்று எங்கள் சட்டத்தரணி நிக்கலஸ் அன்றைக்கு எனக்குக் கேக் வாங்கித் தந்தார்.

ஞானசுந்தரமும் நானும் எண்பத்தாறில் ஒரே அகதி முகாமில் மேலும் கீழுமாக ஒரே கட்டிலில் படுத்தவர்கள். அவனுக்குக் கதிரையில் இருந்து செய்யும் வேலை எதுவும் ஒத்துவராது. தண்ணீர்ப் பம்புகள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தான். கையில் கொஞ்சம் மிஞ்சியதும் எல்லோரும் காரோ வீடோ பார்க்க, அவன் மூன்று ஏக்கர் சதுப்பு வாங்கினான். ஒரு துண்டுக் காணியாவது பெயரில் இல்லாமல் மனிசன் எப்படி இருக்கிறது என்று கேட்டான். வெங்காயம் நட்டான், வாத்து வந்தது. மிளகாய் நட்டான், வெள்ளம் வந்தது. கோல்டிங் தமிழர்கள் அவனுக்கு 'ஜமீன்தார்' என்று பட்டம் வைத்தார்கள். அவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் வரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான். சமாதான காலத்தில் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுக் கிளிநொச்சிக்குப் போனான். தோட்டங்களுக்குப் பம்பு திருத்தும் பட்டறை ஒன்று போட்டான். ஆறு மாதம் ஐந்து வருடமானது. பாதை பூட்டுப்பட்டது, சண்டை தொடங்கியது, சனம் நகர நகர அவனும் நகர்ந்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவனிடமிருந்து போன் இல்லை.

மே பதினெட்டோடு யுத்தம் முடிந்தது என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். அந்தக் கிழமை வியாழன் இங்கே விடுமுறை, வெள்ளியும் அலுவலகம் பூட்டு. வெள்ளிக்கிழமை காலை வீட்டில் சும்மா இருந்தபோதுதான் என் ஒன்றுவிட்ட தம்பி பாலேந்திரா வவுனியா முகாமிலிருந்து போன் எடுத்தான்.

"அண்ணை, ஒரு நிமிசம்தான். போன் வேற ஆளின்ர. ஞானசுந்தரத்தார் முடிஞ்சுது. பதினாலாம் திகதி. பங்கரில இருந்து தண்ணி எடுக்கப் போனவர். நான்தான் மண் போட்டு மூடினனான். அவவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ."

லைன் அறுந்தது. அழுகை வரவில்லை, அது எனக்கே வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை கோல்டிங் போவோம் என்று சப்பாத்துப் போட்டேன், கழற்றினேன். ஞாயிறும் அப்படியே போனது.

திங்கட்கிழமை நிக்கலஸ் என் மேசைக்கு வந்து நின்றார். அந்த ஆற்றங்கரையில் ஒன்பது காணிகள். எட்டுப் பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். ஒன்பதாவது, நட்டநடுவில் கிடக்கும் ஜமீன்தாரின் சதுப்பு. அது இல்லாமல் வடிகாலை அடைக்க முடியாது. அரசாங்கத்தின் உதவிப் பணத்துக்குத் தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தவறினால் எட்டு விற்பனையும் ரத்து. அவர் எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தத்தின் கால்புள்ளி வரைக்கும் நான் எழுதியது.

"உன் நண்பர் உயிரோடு இருக்கிறார்தானே?" என்று கேட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார்.

"நாளைக்கு அவருடைய மனைவியிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன்" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அற்றோணித் தத்துவத்தை ஓரமாக வைத்துவிட்டு, காணி இறந்தவரின் சொத்தாக நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் மரணச் சான்றிதழ் கேட்கும். சண்டை முடிந்த அந்தக் கடற்கரை மணலில் அந்த மாதம் செத்தவர்களுக்கு யார் சான்றிதழ் எழுதுவது? வருடக்கணக்கில் இழுபடும். காணியும் போகாது, அவளுக்குக் காசும் வராது. ஆகவே முதலில் கையெழுத்து, பிறகு செய்தி. நாலைந்து நாள் பிந்துவதால் செத்தவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தான் என்று ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பாதி உண்மை. மற்றப் பாதி, பதினான்கு வருடத்தில் என் மேசையில் ஒரு கோப்புக்கூடத் தவணை தவறியதில்லை என்பது.

அருள்நாயகி முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். சீருடையின் மேல் ஒரு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். குசினியில் சோற்றுப்பானை அடுப்பில் ஏறியிருந்தது. அதை ஒட்டிய சாப்பாட்டு மேசை முழுவதும் இணையத்திலிருந்து அச்செடுத்த தாள்கள்: முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள், சின்ன எழுத்தில், பக்கம் பக்கமாக. மகள் ஷர்மினி, பதினேழு வயது, மஞ்சள் பேனையோடு ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞானசுந்தரம் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், மாமா" என்றாள் டெனிஷில். "ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. மற்ற இருவருக்கும் வயது போடவில்லை."

"மூண்டில ஒண்டு அப்பாதான்" என்று அருள்நாயகி தேத்தண்ணியை வைத்தாள். "குடியுங்கோ அண்ணை. முகம் வாடிப்போய்க் கிடக்கு."

குடித்தேன். உறுதியை விரித்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் புள்ளியிட்டுக் காட்டினேன். வேலையில் பழகிய விரல். அவள் உறுதியைப் படிக்கவேயில்லை, மூன்றாவது தாளைத்தான் கையில் எடுத்தாள்.

"இதில என்ன எழுதியிருக்கு? எனக்கு விளங்குது, எண்டாலும் நீங்கள் தமிழில வாசியுங்கோ."

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

இன்னொரு தரமும் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எட்டு நாளா ஆரைக் கேட்டாலும் ஒண்டும் தெரியாது எண்டுதான் சொல்லினம், அண்ணை. ஆசுப்பத்திரி, செஞ்சிலுவை, சுவாமிமார், ஒருத்தரையும் விடேல்லை. இருக்கிறார் எண்டு சொன்னது இந்தக் கடுதாசி ஒண்டுதான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மனிசனாய்ப் பிறந்த எவனும் திறந்திருப்பான். நான் பேனையின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"பாலேந்திராவும் அங்கதானே நிண்டவர்? உங்களுக்கு அவர் ஒண்டும் அறிவிக்கேல்லையோ?"

"லைன் கிடைக்குதில்லை" என்றேன்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். நான் ஒன்று. மற்றதற்கு ஷர்மினி கீழ்வீட்டு றொபேட்டைக் கூட்டிவந்தாள். ஓய்வு பெற்ற பஸ் சாரதி, வீட்டுச் செருப்போடு வந்தார். அருள்நாயகி கை துடைத்து, சுவெட்டரை இழுத்துச் சரிசெய்து, கல்யாணப் பதிவுக்கு இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தாள். புருசனுக்காக ஒன்று, மனைவியின் சம்மதமாகத் தன் பெயரில் ஒன்று என்று ஒவ்வோர் எழுத்தாக வைத்தாள். மூன்றாவது தாளில் வைத்த கையெழுத்துத்தான் மற்ற எல்லாவற்றையும்விட வடிவாக இருந்தது. றொபேட் தன் பெயரைக் கிறுக்கிவிட்டு அவளுக்குக் கை கொடுத்தார். "வாழ்த்துகள். கணவர் வந்ததும் சொல்லுங்கள், பியர் என் செலவு" என்றார். அவள் சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் போனபின் கேட்டாள்: "அண்ணை, இந்த மூண்டாவது கடுதாசியின்ர கொப்பி ஒண்டு எனக்குத் தருவியளோ? சாமித்தட்டில வைக்கப்போறன்."

"தபாலில போட்டுவிடுறன்."

"இருங்கோ, சோறு இப்ப அவிஞ்சிடும். ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"ரயிலுக்கு நேரமாகுது, நாயகி."

மட்டையைப் பைக்குள் வைத்தேன். கதவடியில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் எழும்பி, அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, படியில் இறங்கினேன். நாலு படி இறங்கியிருப்பேன்.

"அண்ணை."

திரும்பினேன்.

"வாறன் எண்டு சொல்லாமல் போறியள்."

செத்தவீட்டிலிருந்து எழும்பும்போது அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் பேசாமல் போவார்கள். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை, அவளுக்கும் இருக்காது. இந்த வீட்டுக்கு எத்தனை நூறு தரம் வந்திருப்பேன். ஒரு தரமாவது வாறன் என்று சொல்லாமல் இறங்கியிருக்கமாட்டேன். ஒன்றரை மணித்தியாலம் கூசாமல் பொய் சொன்ன வாய், வாசலில் தானாக மூடிக்கொண்டுவிட்டது.

"மறந்துபோனன்" என்றேன். "அப்ப வாறன், நாயகி."

அவள் அசையவில்லை. கதவுப்பிடியில் இருந்த கை மட்டும் கீழே இறங்கியது.

"எப்ப?" உள்ளே இருந்த பிள்ளைக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"பதினாலாம் திகதி."

"ஆர் சொன்னது?"

"பாலேந்திரா. அவன்தான் மண் போட்டவன்."

"உங்களுக்கு எப்ப சொன்னவர்?"

சுவரைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். என்னை ஏசுவாள், பையைப் பறித்து உள்ளதைக் கிழித்து எறிவாள் என்று நின்றேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நானே பையைத் திறந்து மட்டையை எடுத்து அவளை நோக்கி நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை.

படியில் நின்ற எனக்குக் குசினி நேராகத் தெரிந்தது. அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது ஒரு தட்டு மட்டும்தான். அவள் நாலு குமிழ்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருகிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள்.

"அம்மா, சோறு இன்னும் வேகவில்லையே?" என்று ஷர்மினி டெனிஷில் கேட்டாள்.

"இண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பு எரியக்கூடாது, பிள்ளை."

அதன் அர்த்தம் இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது. ஏதோ விரதமாக்கும் என்று நினைத்திருப்பாள். சரியென்று தலையாட்டிவிட்டு, மஞ்சள் பேனையை எடுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.