பொன்னாடைத் தட்டு

பெரியோரைப் போர்த்தும் துணியிலேதான் ஒரு சமூகத்தின் ஆன்மா குடியிருக்கிறது. ஓய்வுபெற்ற கோட்டக் கல்விப் பணிப்பாளர் கோணாமலை இதை வெல்லாவெளியிலும் சுற்றுவட்டாரத்திலும் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்த ஒவ்வொரு முறையும் அவர் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. ஆகவே அந்த ஆன்மா இப்போது அவர் வீட்டு அலுமாரியின் மேல்தட்டுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, பூச்சி உருண்டை நாற்றத்தோடு குடியிருந்தது.

மாரி தொடங்குமுன் அலுமாரியை ஒதுக்குவது அந்த வீட்டு வழக்கம். வாவிப்பக்கக் காற்றில் ஈரம் ஏறினால் உடுப்பெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். புரட்டாசி வெயிலிலேயே எல்லாவற்றையும் எடுத்து உதறி, முற்றத்துக் கொடியில் காயப்போட்டு, கழிப்பதைக் கழித்து மடித்து வைக்க வேண்டும். அதைச் செய்துவந்தவர் அவர் மனைவி சீதேவிப்பிள்ளை. இந்த வருடம் அவர் கட்டிலில் கிடந்தார். பாரிசவாதம் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது.

இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மருந்து கட்டிய நேர்ஸ், மகள் தனுஷியாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: "மூத்திரத்துக்குப் பம்பஸ் கட்டினா புண் வெந்துபோகும். மெத்தென்ட பழைய பருத்திச் சீலையத்தான் கீழ போடணும். நனைய நனைய மாத்துங்க. ஈரம் மட்டும் நிண்டுது எண்டா எலும்பு வரைக்கும் போயிரும், உயிருக்கே ஆபத்து."

மழைநாளில் துவைத்த துணி இலேசில் காயாது. ஆகவே சீலை நிறைய வேண்டும். தனுஷியா அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டியது அதற்காகத்தான். தாயின் பழைய பருத்திச் சேலைகள், தகப்பனின் நைந்த சாரன்கள், தன்னுடைய கர்ப்பகாலத்துச் சட்டைகள், எல்லாவற்றையும் கிழித்து அளவாக மடித்தாள். வைக்கத்தான் இடமில்லை.

"அப்பா, மேல்தட்டு ஒண்ட எனக்குத் தாங்க. இந்தச் சால்வையெல்லாம் ஒரு பெட்டியில கட்டி வைப்பம்."

"சால்வை எண்டு சொல்லாத புள்ள. பொன்னாடை."

"சரி, பொன்னாடை. அதப் பெட்டியில போடுவம்."

"பெட்டியில போட்டா மடிப்பு விழும். இது என்ட சொத்தில்ல. சமூகத்தின்ட சொத்து. நான் காவல்காரன்."

உள்ளறையிலிருந்து சீதேவிப்பிள்ளையின் குரல் வந்தது: "காவல்காரனுக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லு மகள், அந்தச் சமூகத்த."

கோணாமலை அலுமாரிப் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு பொன்னாடையாக உதறி, சரிகைக் கரை வெளியே தெரியும்படி மடித்து, பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினார். பாடசாலைப் பரிசளிப்பு, கோயில் கும்பாபிசேகம், ஒரு முறை மாட்டுவண்டிச் சவாரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேடையில் கிடைத்தது. அதில் கோணாமலை மாட்டைக்கூடத் தொடவில்லை. சிவப்புப் பொன்னாடை ஒன்றில் தேநீர்க் கறை இருந்தது. அதே கறையை அவர் ஏற்கெனவே வேறொருவர் தோளிலும் கண்டிருந்தார். அதைப்பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

தனுஷியா சீலைகளை இரண்டு உரப்பையில் கட்டி விறாந்தையில் வைத்துவிட்டு மருந்து வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போனாள்.

அவள் போன கையோடு உதயரூபன் வந்தான். கோணாமலை தலைவராக இருக்கும் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். போன வருடம் வெள்ளம் வடிந்த பிறகுதான் இவர்களின் சங்கம் பாதிக்கப்பட்டோருக்கு உடுபுடைவை சேர்த்தது. மற்றச் சங்கங்களின் படங்கள் அதற்குள் பேஸ்புக்கில் வந்துவிட்டன. அந்த அவமானம் மீண்டும் நேரக் கூடாதென்று இம்முறை வெள்ளம் வருமுன்பே சேர்க்கத் தீர்மானம் எடுத்திருந்தார்கள்.

"சேர், முதல் பொதி தலைவருட வீட்டிலயிருந்து போகணும். படம் எடுக்க வசதி. என்னமும் இரிக்கா?"

கோணாமலையின் கண் முதலில் அலுமாரிப் பக்கம் போய், பிறகு விறாந்தைக்குத் திரும்பியது.

"இஞ்ச இரிக்கிறது பழசுதான் தம்பி. கட்டித்தான் கிடக்கு."

"பைக்குள்ள இரிக்கிறது ஆருக்குத் தெரியப்போகுது சேர்? கொஞ்சம் சிரிங்க."

தனுஷியா பஸ்ஸில் வரும்போதே பேஸ்புக்கில் படத்தைக் கண்டாள். 'துணைவியாரின் சேலைகளையும் ஈந்த வள்ளல்' என்று கீழே எழுதியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பையும் கழற்றவில்லை.

"அப்பா, அது அம்மாட புண்ணுக்குக் கிழிச்ச சீலை. உங்களுக்குத் தெரியாதா?"

"பழைய உடுப்பெண்டுதான் நினைச்சன்."

"இப்பவே போன் எடுத்துத் திருப்பிக் கேளுங்க."

"லொறி கிரான் களஞ்சியத்துக்குப் போயிற்று. தலைவர் ஒருத்தர் குடுத்தத் திருப்பிக் கேக்கிறதா? நாளைக்கு ஊருக்குள்ள எப்படி முழிக்கிற?"

அவளே உதயரூபனுக்கு எடுத்தாள். பைகள் களஞ்சியத்தில் அடியில் கிடக்கின்றன, விடியக் கிளறிப் பார்ப்போம் என்றான். விடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. பிறகு விடவேயில்லை. வயல்வட்டை முழுக்க வெள்ளம் ஏறி, றோட்டு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் போயிற்று. நேர்ஸும் வர ஏலாது, கடைக்கும் போக ஏலாது.

தனுஷியா படுக்கை விரிப்புகளைக் கிழித்தாள். துவாய்கள் முடிந்தன. தன் இரண்டு பருத்திச் சேலைகளையும் கிழித்தாள். துவைத்ததை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தாள். காயுமுன்பே அடுத்தது நனைந்தது. மூன்றாம் நாள் புண் கறுத்து, அறைக்குள் போக மூக்கைப் பொத்தவேண்டிய நிலை வந்தது. சீதேவிப்பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கேலி நின்றுபோய், "ஈரம் மகள், ஈரம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனுஷியா தகப்பன் முன்னால் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

கோணாமலை எழுந்தார். சட்டையைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். அலுமாரியைத் திறந்து, தேநீர்க் கறை பட்டதை விட்டுவிட்டு, பச்சைக் கரைப் பொன்னாடையை இரண்டு கையிலும் ஏந்தியபடி உள்ளறைக்கு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"சீதேவி, இவ்வளவு காலமும் ஊர் எனக்குப் போர்த்தினதெல்லாம் உண்மையில உனக்குச் சேரவேண்டியது. இண்டைக்கு உன்னை நான்..."

சீதேவிப்பிள்ளை கண்ணைத் திறந்தார்.

"போர்த்த வேணாம். கீழ போடுங்க."

தனுஷியா தாயைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தாள். கோணாமலை குனிந்து பொன்னாடையை நாலாக மடித்துப் புண்ணுக்குக் கீழே செருகினார். அது போதாதென்று இன்னொன்றையும், அதற்குமேல் நீலநிறத்தில் ஒன்றையும் வைத்தார். கட்டிலோரம் நின்று காத்திருந்தார்.

சற்று நேரத்தில் சீதேவிப்பிள்ளைக்கு மூத்திரம் போனது. அது துணிக்குள் இறங்காமல் சரிகைக் கரையோரமாகத் தேங்கி நின்று, உடம்பின் பாரத்துக்குச் சரிந்து, புண்ணுக்குள் ஓடியது.

பொன்னாடை எல்லாம் பொலியெஸ்டர்.