கறுத்த பிரேக் ஆயில்

கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, பிரேக் மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்கவில்லை, நேர்ப்பாதை முடிந்து வளைவு வந்துவிட்டது, டயர்ச் சுவர் கறுப்பாக எழுந்து வருகிறது, சௌடேஸ்வரி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தால் கோவையில் தன் வீட்டுக் கட்டில், மத்தியானத் தூக்கம், தோள் எலும்பு கூடிப் பல மாதமாகியும் அந்த மிதி மட்டும் கனவில் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, லேட்டா மிதிச்சுட்ட சௌடா, என்று வண்டி மோதிய அன்று ஆஸ்பத்திரியில் சொன்னான் மயில்சாமி, அவள் கணவன், அவள் ஓட்டும் ரேஸ் வண்டியைக் கழற்றி மாட்டுகிறவன், அதட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னான், அதனாலேயே அந்தச் சொல் உள்ளே போய்த் தங்கிவிட்டது, தன் காலையே வெறித்துப் பார்த்தபடி எத்தனை சாயங்காலங்கள்.

இப்போது ஷெட்டில் வண்டி மறுபடி எழுந்து நிற்கிறது, மயில்சாமி எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ ஒன்று வாங்கி வந்திருக்கிறான், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, இத மாட்டுனா ஒருத்தனும் உன்னப் புடிக்க முடியாது, என்கிறான், அவள் குனிந்து முன்சக்கரத்தில் பிரேக் ஆயிலைத் திறந்துவிட்டாள், தெளிவாக வரவேண்டியது டிகாக்‌ஷன் போலக் கறுத்து வடிந்தது, இது எப்பங்க மாத்துனது, அவன் யோசித்தான், வண்டி வாங்குனப்ப இருந்ததுதான், எஞ்சின் ஆயிலு ஒவ்வொரு ரேசுக்கும் மாத்துவேன், இது, என்று நிறுத்திக்கொண்டான், ஈரம் குடித்த பழைய ஆயில் சூட்டில் கொதித்திருக்கிறது, அன்றைக்கு அவள் மிதித்ததெல்லாம் வெறும் குமிழி, அப்ப என் கால் தப்பில்லீங்க, என்றாள், அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் இளகிவிடுவாள், டர்போவத் திருப்பிக் குடுத்துருங்க, சூடு தாங்கற ஆயிலு, புது பேடு, புது ஹோஸு, பிரேக்கு சூடு ஆறக் காத்துப் போக ஒரு வழி, அது போதும், தோத்தாலும் நின்னு தோக்கறேன்.

பந்தயத்தில் இரண்டு பேர் நேர்ப்பாதையில் அவளைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள், போகட்டும், அதே வளைவு வருகிறது, தோள் தானாக இறுகுகிறது, முன்னால் போனவன் சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றுவிட்டான், அவனுடைய ஹெல்மெட் இவள் பக்கம் திரும்புகிறது, மிதித்தாள், மிதி கல்லாக எதிர்த்து நின்றது, வண்டி மூக்கைத் தாழ்த்தி, அவன் கதவுக்கு ஒரு சாண் தள்ளி, நின்றது.

பரிசு ஒன்றும் இல்லை, கடைசிக்கு முந்தின இடம், வண்டியை விட்டு இறங்கியவளின் தோளைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான் மயில்சாமி, கரெக்டா மிதிச்ச சௌடா, என்றான், அன்னிக்கும் கரெக்டாத்தானுங்க மிதிச்சேன், என்றாள், ஆமா, என்றான், பிறகு குனிந்து முன்டயரின் தேய்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தான், அடுத்த ரேசுக்குள்ள இத மாத்திரோணும், என்றான், அவளும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடுத்த டயரைத் தடவத் தொடங்கினாள்.