பாஸ்டன் வடக்கு

அந்த காம்பஸை இனிமேல் யாராவது "அமெரிக்கப் பொருள்" என்று என் முன்னால் மெச்சிக்கொண்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். வீடாக இருந்தாலும் சரி, சர்ச்சாக இருந்தாலும் சரி. அமெரிக்காவிலிருந்து வந்த சாமானுக்குத் தப்பே தெரியாது என்று நம்புகிற ஆட்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர் ஆர்தர். அந்த நம்பிக்கையால் என் தம்பியின் உயிரே போயிருக்கும்.

என் பெயர் எலிசா. புத்தூரில் ஒரு ஹைஸ்கூலில் சோஷியல் டீச்சர். ஆர்தர் எங்கள் சபையின் செக்ரட்ரி. ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தில் ஒரு சனிக்கிழமை சபையார் இருபது பேர் மலையைத் தாண்டி நடந்து, பாலசமுத்திரம் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன சர்ச்சுக்குப் போவது எங்கள் வழக்கம். அங்கே பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணி, அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். அதுவரை யாரும் எதையும் சாப்பிடக் கூடாது, கையில் தண்ணீர் மட்டும்தான். பைகளும் மதியச் சாப்பாடும் வேனில் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். திருவிருந்துக்கான திராட்சரசத்தை மட்டும் வேனில் ஏற்ற மாட்டோம், சுமந்துகொண்டுதான் நடப்போம். அதைக் காய்ச்சுகிறவர் ஆர்தரின் அக்கா கிருபாவதி. ஃபிளாஸ்கில் ஊற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவரும் அவர்தான்.

போன வருஷம் வரைக்கும் ஆர்தர் செல்போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடப்பார். "செக்ரட்ரிக்கு மலையெல்லாம் அத்துப்படி" என்று சபையில் பேர். அத்துப்படி போனுக்கு, பேர் இவருக்கு. இந்த வருஷம் அந்தப் பேரும் போதவில்லை. பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்று, "வயித்துக்கு மட்டும் உபவாசம் இருந்தா போதுமா? கண்ணுக்கும் உபவாசம் வேணும். இந்த வாட்டி போன் இல்லாம நடப்போம்" என்று அறிவித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். வழிக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குத்தான் இவரிடம் திசை காட்டுகிற காம்பஸ் இருக்கிறதே.

காம்பஸை அனுப்பியது பாஸ்டனில் இருக்கும் என் கொழுந்தன். அவன் அங்கே மலையேறும்போது வைத்திருந்தது, கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்குப் பரிசாக வந்தது. ஆர்தர் யாரிடமோ கேட்டு மலையின் மேப்பை நகல் எடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, ஸ்கேல் வைத்து பென்சிலால் கோடு போட்டார். நான் காம்பஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் ஒரு பொடித் திருகாணி, உள்ளே ஒரு சின்ன அளவுகோல்.

"இன்னாங்க இது, பதினாலுல நிக்குது?"

"தம்பி எல்லாத்தையும் செட் பண்ணித்தான் அனுப்பிச்சிருக்கான். நீ தொட்டுக் கெடுத்துடாத" என்று பிடுங்கி வைத்துக்கொண்டார்.

என் தம்பி ஜோஷுவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பதியில் ஒரு கடையில் வேலை, எங்களோடு நடக்க லீவு போட்டு வந்திருந்தான். ஒன்பது வயதிலிருந்து சுகர், தினமும் ஊசி. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். பெரியவர்களுக்கு வருகிற சுகர் வேறு, இவனுடையது வேறு. பத்து வருஷமாக ஆர்தருக்கு இதை நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

"இவனால உபவாசம் இருக்க முடியாதுங்க" என்று முந்தின நாளே சொன்னேன்.

"சரேலே, வுடு. காலைல இட்லி துன்னுட்டு ஊசி போட்டுக்கினு வரட்டும். கையில ஒரு பிஸ்கட் பாக்கெட் வெச்சிக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு நாம அங்க இருப்போம், நான் கேரண்டி."

அந்த கேரண்டியை நம்பித்தான் ஜோஷுவா கிளம்பினான், நானும் வேறு இனிப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

போன மழைக்கு மலையெல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. ஒற்றையடிப் பாதை எங்கே என்றே தெரியவில்லை. ஆர்தர் காணிக்கைத் தட்டைப் பிடிப்பதுபோல காம்பஸை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். மற்ற எல்லாரும் பின்னால் போனோம். வழியில் ரெட்டைப் பாறை என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் அதன்மேல் ஏறி குரூப் போட்டோ எடுத்துக்கொள்வோம். இந்தத் தடவை போன் இல்லை, போட்டோ இல்லை, அதனால் பாறையை யாரும் தேடவில்லை. கல்லும் முள்ளும் பார்த்துக் குனிந்தபடியே நடந்தார்கள்.

இறக்கம் வர வேண்டிய நேரத்தில் மறுபடியும் ஏற்றம் வந்தது. அதற்கப்புறம் இன்னொரு ஏற்றம். ஜோஷுவா பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்து, கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நிழலில் உட்கார்ந்தபோது அவன் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

நிழலில் என்ன வெயில்? எழுந்து நின்று சுற்றிப் பார்த்தேன். இடது கைப்பக்கம், தூரத்தில், செடிகளுக்கு மேலே ரெட்டைப் பாறை நின்றது. வழக்கமாக அது நமக்கு வலது கைப்பக்கம் அல்லவா வர வேண்டும்?

ஆர்தர் காம்பஸோடு சேர்த்துக் கீழே வைத்திருந்த மேப்பை எடுத்து ஓரத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது: இந்த இடத்தில் காந்த ஊசி மெய்யான வடக்கிலிருந்து மேற்கே ஒன்றரை டிகிரி விலகி நிற்கும். ஒன்றரை. காம்பஸைத் திருப்பினேன். பதினாலு.

எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம்தான். மேப்பில் இருக்கிற வடக்கு பூமியின் உச்சி. ஊசி காட்டுகிற வடக்கு அது இல்லை, கொஞ்சம் தள்ளி. எவ்வளவு தள்ளி என்பது ஊருக்கு ஊர் மாறும். பாஸ்டனில் பதினாலு டிகிரி, நம் ஊரில் ஒன்றரை. பாஸ்டனில் இருக்கிறவன் பாஸ்டனுக்குத் தக்கபடி திருகி வைத்திருந்தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு புத்தூர் மலையில் நடந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இருநூறு மீட்டருக்கு மேல் வலது பக்கம் விலகிப் போவோம். போயிருந்தோம்.

"இன்னாங்க, கொஞ்சம் நில்லுங்க. ரெட்டைப் பாறை இடது பக்கம் வந்துடுச்சு."

"அது வேற பாறை."

"வருஷா வருஷம் அதும்மேல நின்னு போட்டோ எடுத்துக்கினமே, எனக்குத் தெரியாதா? இந்த பதினாலு தப்புங்க. இங்க ஒன்றரைதான். மேப்புலயே போட்டிருக்குது பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "காம்பஸ் பொய் சொல்லாது எலிசா."

"பொய் சொல்லல. அது இன்னும் பாஸ்டன்ல இருக்கறதா நெனச்சிக்கினு இருக்குது!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதுதான் வினையாகப் போனது. ஆர்தரின் முகம் சிவந்துவிட்டது. "நாலு பேர் எதிர்ல பாடம் எடுக்காத. இது உன் கிளாஸ் இல்ல. கர்த்தர் வழி காட்டுவாரு, எல்லாரும் பாடிக்கினே வாங்க" என்று காம்பஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உரத்த குரலில் பாட்டை ஆரம்பித்தார். சபையும் பாடியது. கால் உடைந்தால் கட்டுப் போட எங்கள் புத்தூரில் ஆள் இருக்கிறது. தலைக்கனத்துக்குக் கட்டுப் போட ஒரு ஆள் இல்லை.

நான் பாடவில்லை. ஜோஷுவாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கை ஈரமாக, சில்லென்று இருந்தது. திரும்பி வேறு வழியில் போகலாம் என்றால் அவனை வைத்துக்கொண்டு தனியாக எங்கே போவேன்? போன் இருந்தால் ஆம்புலன்ஸுக்காவது சொல்லலாம். போன்கள் எல்லாம் வேனில் ஒரு துணிப்பையில் உபவாசம் இருந்தன.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பாதை முடிந்துவிட்டது. முன்னால் பாறை விளிம்பு, கீழே பனைமர உயரத்துக்குச் செங்குத்தான சரிவு. ஆர்தர் விளிம்பில் நின்று காம்பஸைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடியும் காம்பஸைப் பார்த்தார்.

"அக்கா," என்றான் ஜோஷுவா, சிரித்துக்கொண்டே. "பஸ் எப்ப வரும்?"

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சர்க்கரை மூளைக்குப் போகாதபோது வருகிற சிரிப்பு. அடுத்த நிமிஷம் அவன் கால் மடங்கி உட்கார்ந்தான். கைவிரல்கள் நடுங்கின. கண் திறந்துதான் இருந்தது, பார்வை யார் மேலும் நிற்கவில்லை.

"யார்கிட்டயாவது இனிப்பு இருக்குதா? சாக்லெட், மிட்டாய், ஏதாவது?" என்று கத்தினேன். இருபது பேரும் உபவாசக்காரர்கள். ஒருவரிடமும் ஒரு மிட்டாய்கூட இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். தண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கிருபாவதி அக்காவின் தோளில் ஃபிளாஸ்க் தொங்கியது. நான் போய் அதன் வாரைப் பிடித்தேன்.

"தொடாத எலிசா!" ஆர்தர் விளிம்பிலிருந்து ஓடி வந்தார். "அது கர்த்தரோட பந்திக்கு வெச்சது."

"என் தம்பி யாருக்கு வெச்சவன்? சொல்லு ஆர்தர், இவன் யாருக்கு வெச்சவன்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை, நீ என்று சொன்னதில்லை. சபை முழுக்க என்னையே பார்த்தது. பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அவர் குறுக்கே கை நீட்டியிருந்தால் சரிவில் தள்ளிவிட்டிருப்பேன், சத்தியமாக.

கிருபாவதி அக்காதான் ஃபிளாஸ்கைக் கழற்றி மூடியைத் திறந்தார். "ஐயா இன்னும் ஜெபம் பண்ணல. இப்போதிக்கு இது வெறும் திராட்சைத் தண்ணிதான். கிலோவுக்குக் கிலோ சர்க்கரை கொட்டிக் காய்ச்சியிருக்கேன், ஊத்துடி."

மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அவன் வாயில் வைத்தேன். நல்லவேளை, விழுங்கினான். முதல் மூடி பாதி சட்டையில் போனது. ஃபிளாஸ்க் முக்கால்வாசி காலியான பிறகுதான் அவன் பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"இன்னாக்கா இது, ஒரே தித்திப்பு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் கூடவே வந்தது. இரண்டில் கோபம்தான் பெரியதாக இருந்தது.

ஆர்தரிடம் கையை நீட்டினேன். அவர் காம்பஸைக் கொடுத்தார். அதன் கயிற்றிலேயே ஒரு குட்டிச் சாவி கோத்திருந்தது. அதைத் திருகாணியில் வைத்துத் திருப்பி, பதினாலிலிருந்து ஒன்றரைக்குக் கொண்டுவந்தேன். இட்லி ஊற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. ஜோஷுவா எழுந்து நிற்கிற வரைக்கும் காத்திருந்து, ரெட்டைப் பாறையை நோக்கித் திரும்பினோம். பாறையிலிருந்து புதிதாக அளவெடுத்து நடந்தோம். முன்னால் நான், எனக்குப் பின்னால் ஜோஷுவாவும் அவனைத் தாங்கிக்கொண்டு கிருபாவதி அக்காவும், கடைசியில் செக்ரட்ரி. நிழல் சாய்ந்தபோது கணவாய் வந்தது. இறக்கத்தில் ஆர்தர் வேகமாக வந்து என் பக்கத்தில் நடந்தார்.

"தம்பிக்கு போன் பண்ணி நல்லா கேக்கறேன் பாரு. தப்பா செட் பண்ணி அனுப்பிச்சிருக்கான்."

"அவர் தப்பா செட் பண்ணல. அவர் ஊருக்குச் சரியாத்தான் பண்ணாரு. நீங்க எந்த ஊர்ல நிக்கிறீங்கன்னு நீங்கதான் பாக்கல."

அவர் மறுபடியும் பின்னால் போய்விட்டார்.

சர்ச்சு வாசலில் வேன் நின்றது. நான் யாரையும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து ஜோஷுவாவை உட்காரவைத்துப் புளிசாதம் போட்டேன். பாஸ்டர் ஐயா வந்து பார்த்தார்.

"ரசம் எங்கம்மா?" என்று கிருபாவதி அக்காவைக் கேட்டார்.

"இல்லீங்க ஐயா. ஜோஷுவாவுக்குச் சர்க்கரை இறங்கிப்போச்சு, அவனுக்குக் குடுத்துட்டோம்."

"குடுத்தது நல்லது. திருவிருந்து அடுத்த வாரம் வெச்சிக்கலாம். இன்னிக்கு ஜெபம் மட்டும் பண்ணுவோம்" என்று அவர் உள்ளே போனார். அவ்வளவுதான். அதற்கா மலைமேல் அந்தக் கூத்து?

உள்ளே வழக்கம்போல ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தோம். ஜெபத்துக்குப் பிறகு, கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சாட்சி சொல்லுகிற நேரம் வந்தது. ஆர்தர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"கர்த்தர் இன்னிக்கு நம்மள வழி தப்பப் பண்ணி, நம்ம விசுவாசத்த சோதிச்சாரு. ஆனாலும் கைவிடல..."

யாரோ ஒருவர் ஆமென் என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "கர்த்தர் மேல போடாதீங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் ஐயா என்னைத் தடுக்கவில்லை.

"அவர் நம்மள வழி தப்பப் பண்ணல, நீங்க பண்ணீங்க. நான் மேப்ப காட்டினேன், நீங்க பாட்டு பாடினீங்க. இவன் விழுந்தான், நீங்க ஃபிளாஸ்க புடிக்க ஓடி வந்தீங்க. இந்த நிமிஷம் வரைக்கும் 'எப்பிடிடா இருக்குது'ன்னு ஒரு வார்த்தை இவனைக் கேக்கல."

மறுபடி பெண்கள் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. நடுவில் இருந்த வழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய், ஜோஷுவாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து வைத்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது. விரல்களில் புளிசாத வாசனை அடித்தது.

ஆர்தர் நின்றுகொண்டே இருந்தார். ஜோஷுவாவைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவனை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாட்சியை முடிக்காமல், ஆமென்கூடச் சொல்லாமல் உட்கார்ந்தார்.