முன்கூட்டிச் சொல்லாதவர்

றோசலின் மண்டபக் கதவை மறித்தபடி நின்றாள். வெளியே உருகும் பனிச்சேற்றில் மரியோவும் அவருடைய இசைக்குழுவில் இன்னும் மூன்று பேரும். மரியோ அணைத்துப் பிடித்திருந்தது அப்பாவின் கொங்கா மேளம்.

உள்ளே, அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா றெஜினா. காலையிலேயே சொல்லிவிட்டாள்: "உந்த மேளம் உள்ளுக்கு வந்தால் நான் எழும்பிப் போயிடுவன்."

அப்பா பெனடிக்ற் அந்த லத்தீன் ஜாஸ் குழுவில் முப்பத்துநான்கு வருடம் வாசித்தவர். தன்னுடைய முறை வந்தாலும் உடனே அடிக்கமாட்டார். மேளத் தோலுக்கு மேலே கைகளை நிறுத்தி, ஒரு சுற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். "மற்ற ஆக்கள் எங்க இடம் விடுகினம் எண்டு தெரியாமல் கை வைக்கக் கூடாது, பிள்ளை," என்பார். அடுத்து என்ன வரும் என்று அவருக்கே தெரியாது.

மேடையில் அது அழகுதான். வீட்டில்? பால் வாங்கப் போனவர் மூன்றாம் நாள் மொன்றியலில் இருந்து வந்தார். கோயிலில் சின்ன றோசலினின் முதல்நன்மைச் சடங்குக்குப் பாதிப் பூசையில் வந்து நின்றார். நெஞ்சு நோகிறது என்றுகூட ஒருவருக்கும் சொல்லாமல்தான் போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

"உன் அம்மாவிடம் நானே கேட்கிறேன்," என்றார் மரியோ ஆங்கிலத்தில்.

மரியோ மேளத்தை வாசலில் வைத்துவிட்டு அவளைக் கடந்து நடந்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். றோசலின் பின்னால் ஓடினாள்.

அம்மா நிமிரவில்லை. "என்ன வாசிக்கப் போகினமாம்? கேள்."

றோசலின் கேட்டாள். மரியோ தொப்பியைக் கசக்கினார்.

"தெரியாது. பென் எங்களுக்கு ஒருநாளும் முன்கூட்டிச் சொன்னதில்லை. அவன் தொடங்குவான், நாங்கள் பின்னால் போவோம். எத்தனையோ தரம் கோபம் வந்திருக்கிறது."

றோசலின் அதைத் தமிழில் சொன்னாள். அம்மா எழும்பிவிடுவாளோ என்று அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா முதன்முறையாக மரியோவை நேரே பார்த்தாள்.

"உங்களுக்கும் சொல்லேல்லையோ? நான் நினைச்சன், எனக்கு மட்டும்தான் எண்டு."

மரியோவுக்கு அது விளங்கவில்லை. றோசலின் மொழிபெயர்க்கவும் இல்லை. பெட்டிக்குள் அப்பாவின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது.

"பதினொண்டுக்கு ஃபாதர் வந்திடுவார்," என்றாள் அம்மா. "அதுக்கு முதல் முடிக்கச் சொல்லு."

பிறகு பக்கத்துக் கதிரையில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்து, மரியோவுக்கு இடம் விட்டாள்.